எட்டில் ஒன்று: துணையை இழந்தோரின் உடைமை உரிமை – ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு வீட்டில் இறப்பு நிகழ்ந்தால் கபனும் கப்றும் ஒரே நாளில் ஆயத்தமாகிவிடுகின்றன. இறந்தவர் விட்டுச் சென்ற உடைமை யாருக்கு உரியது என்னும் வினாவோ ஆண்டுக்கணக்கில் விடை காணாமல் கிடக்கிறது. தொழுகையின் சட்டங்களையும் நோன்பின் சட்டங்களையும் கற்பதில் நம் மக்கள் காட்டும் ஆர்வம், பாகப்பிரிவினைச் சட்டங்களைக் கற்பதில் குறைவாகவே உள்ளது. தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என எண்ணுகிறோம். தேவை வரும் நாளோ கற்பதற்கு உகந்த நாளாக இருப்பதில்லை.

கணவர் மறைந்த பின் மனைவியும், மனைவி மறைந்த பின் கணவரும், அவர்தம் மக்களும் உடைமை தொடர்பாக அறிய வேண்டியவற்றை மார்க்கச் சட்டம், நாட்டுச் சட்டம், மொழி வழக்கு ஆகிய மூன்று நோக்கில் இக்கட்டுரையில் ஆராய்கிறோம். பங்கிடுவதற்கு முன் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை உள்ளன. கையொப்பம் இடுவதற்கு முன் அறிந்து தெளிய வேண்டியவை உள்ளன. இவ்விரண்டையும் அறியாத வீட்டில் இழப்பவர் பெரும்பாலும் கைம்பெண்ணே என்பதே நம் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

முன்னோரிடமிருந்து வரும் உடைமையைத் தமிழ் 'தாயம்' என்னும் சொல்லால் குறித்தது. அவ்வுடைமையில் உரிமை கொண்டாடுவோர் தாயத்தார் எனப்பட்டனர். தாயத்தாரால் நேரும் இடர் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்' என ஒரு பகுதி உண்டு. மதுரை வணிகன் தனபதி தன் தங்கை மகனுக்கு உடைமை அனைத்தையும் அளித்துவிட்டுத் தவத்திற்குச் செல்கிறான். தாயத்தார் அவ்வுடைமையைக் கவர்ந்துகொள்ள, தாயும் சிறுவனும் ஆதரவற்று நிற்கின்றனர். சிவபெருமானே மாமன் வடிவில் அவைக்கு வந்து வழக்குரைத்து மீட்டுத் தந்ததாகப் புராணம் கூறுகிறது. உரிமை இருந்தும் அதனை எடுத்துரைக்க ஆளில்லாதவரின் நிலை அக்காலத்திலேயே புலவர் உள்ளத்தை உறுத்தியிருக்கிறது.

இன்றைய வழக்கில் தாயம் என்னும் சொல் அருகி, வாரிசு என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. இது 'வாரிஸ்' என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். வக்கீல், தாவா, ஆஜர், ஜப்தி, பாக்கி ஆகியனவும் அரபு மூலம் உடையனவே. எச்சமயத்தவராயினும் உடைமை வழக்கைப் பற்றிப் பேசும் தமிழர் இச்சொற்களின்றிப் பேசுவது அரிது. சொல்லை இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்ட நாம் அதன் பொருளை அவ்வளவு தெளிவாக அறிந்திருக்கவில்லை. வாரிசு, நியமனதாரர், பட்டாதாரர் என்னும் மூன்று சொற்களையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் குழப்பங்களைப் பின்னர்க் காண்போம்.

உஹதுக்குப் பின் எழுந்த வழக்கு

இஸ்லாமியப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு கைம்பெண் நிற்கிறார். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) நடந்த உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) உயிர்த்தியாகம் செய்தார். அவருடைய சகோதரர் உடைமை முழுவதையும் எடுத்துக்கொண்டார். போருக்குச் செல்லும் ஆணுக்கே சொத்து என்பது அக்கால அரபு வழக்கம். ஸஅத் (ரலி) அவர்களின் மனைவி தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். உடைமை இல்லாத இப்பெண்களுக்கு எவ்வாறு மணம் முடிப்பது என்பது அவருடைய கவலை.

இதன் பின்னரே திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயத்திலுள்ள பாகப்பிரிவினை வசனங்கள் அருளப்பட்டன என ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நபிமொழித் தொகுப்புகள் தெரிவிக்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டும், அவர்தம் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதைப் பெற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். இருபத்து நான்கு பங்காகக் கணக்கிட்டால் மக்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. அனைத்தையும் எடுத்துக்கொண்டவர் இறுதியில் ஐந்து பங்கோடு அமைய நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கைம்பெண் தாமே வந்து வழக்குரைத்தார். அது அடக்கமின்மையாகக் கருதப்படவில்லை. இரண்டாவது, அவர் கேட்டது மக்களுக்காக. ஆனால் அவர் கேளாத தம் பங்கும் அவருக்குக் கிடைத்தது. பங்கு என்பது கேட்பவர்க்கு மட்டும் தரும் சலுகையன்று. கேளாதிருப்பவர்க்கும் உரியது என்பது இதனால் விளங்கும்.

நான்கு படிகள்

பங்கீட்டைச் சொல்லும் இரு வசனங்களிலும் (4:11, 12) மரண சாசனத்தையும் கடனையும் நிறைவேற்றிய பின்னரே பங்கீடு என்னும் நிபந்தனை நான்கு முறை வருகிறது. ஒரு கருத்தை நான்கு முறை வலியுறுத்துவது, மனிதர் அதனை மறந்துவிடுவர் என்பதனாலேயே எனலாம். சட்ட அறிஞர் இவற்றை நான்கு படிகளாக வரிசைப்படுத்தியுள்ளனர்.

முதற்படி, ஜனாஸாச் செலவு. குளிப்பாட்டுதல், கபன், அடக்கம் ஆகியவற்றுக்கான அளவான செலவே இதில் அடங்கும். மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் ஊரழைத்து இடும் விருந்து இதில் அடங்காது. வாரிசுகளில் சிறார் இருப்பின் அவர்தம் பங்கிலிருந்து அவ்விருந்துக்குச் செலவிடுவது அநாதையின் உடைமையைத் தொடுவதாகும். பெரியவர்கள் இதில் மிக்க கவனம் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் படி, கடன். வங்கிக் கடன், கைமாற்று, கடைப் பாக்கி, கொடுக்கப்படாத மஹர் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

மூன்றாம் படி, வஸிய்யத் என்னும் மரண சாசனம். செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இது அமைதல் வேண்டும். வாரிசாக வரும் ஒருவருக்கே வஸிய்யத் செய்தால் ஏனைய வாரிசுகள் ஒப்பினாலன்றிச் செல்லாது.

நான்காம் படியே பங்கீடு. நம் வீடுகளிலோ நான்காம் படியிலிருந்தே பேச்சுத் தொடங்குகிறது. அதிலும் மூத்த மகனின் பங்கிலிருந்து தொடங்குகிறது.

இந்நான்கு படிகளுக்கும் முன்னதாக, இறந்தவருடையது எது என வரையறுத்தல் வேண்டும். மனைவியின் நகை, அவர் பெற்றோர் அளித்த நிலம், அவர் ஊதியத்தில் வாங்கிய பொருள் ஆகியன கணவரின் உடைமையல்ல. அவற்றைப் பங்கீட்டில் சேர்த்தல் கூடாது.

மஹர் என்னும் கடன்

மஹர் மணமேடையில் படிக்கப்படும் ஒரு தொகை மட்டுமன்று. கணவர் மனைவிக்குப் பட்ட கடன். கணவர் இறந்தால் மாய்ந்துவிடாமல் அவர் விட்டுச் சென்ற உடைமையின்மேல் நிற்கும் கடன். 1950ஆம் ஆண்டு கபூர் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், மஹர் பிற கடன்களுக்கு இணையான கடன் என்பதைத் தெளிவாக்கியது. கணவரின் உடைமையை மஹருக்கு ஈடாக முறையாகக் கைவசம் வைத்திருக்கும் மனைவி, மஹர் தீரும்வரை ஏனைய வாரிசுகளுக்கு எதிராக அதனை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிற கடன்காரருக்கு முந்திய உரிமை அவருக்கு இல்லை. நீதிமன்றம் செல்வதானால் கணவர் இறந்த மூன்றாண்டுகளுக்குள் செல்லுதல் வேண்டும்.

இங்கு மொழி தொடர்பான ஒரு சிக்கலும் உண்டு. உடன் கொடுக்க வேண்டிய மஹரையும் பின்னர்க் கொடுக்க வேண்டிய மஹரையும் குறிக்க அரபியில் இரு சொற்கள் உள்ளன. ஒன்றில் 'ஐன்' எழுத்தும் மற்றொன்றில் 'ஹம்ஸா'வும் வருவதால் அரபியில் அவை வேறுபடும். தமிழ் எழுத்திலோ இரண்டும் 'முஅஜ்ஜல்' என ஒன்றாகிவிடும். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டில் இச்சொல்லை மட்டும் எழுதிவைத்தால் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது கொடுக்கப்பட்டதா, பாக்கியா என எவராலும் கூற இயலாது. ஆதலால் 'உடன் கொடுக்கப்பட்டது', 'பாக்கியுள்ளது' எனத் தெளிந்த தமிழில் தொகையோடு எழுதுமாறு ஜமாஅத் பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பதிவேட்டின் அவ்வொரு வரி பிற்காலத்தில் ஒரு பெண்ணின் சான்றாக நிற்கும்.

சில ஊர்களில் மையித்தின் அருகே மனைவியை அமர்த்தி, மஹரை மன்னித்துவிட்டதாகச் சொல்லும்படி கேட்கும் வழக்கம் உண்டு. மனைவி மனமுவந்து விட்டுக்கொடுப்பதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் அழுகைக்கு நடுவே ஊரார் முன்னிலையில் கேட்டுப் பெறும் சொல் மனமுவந்த சொல்லாகுமா? துயரின் நடுவே மனைவி கூறிய மன்னிப்பு அவரைக் கட்டுப்படுத்தாது என்னும் நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. இறந்தவரைக் கடனிலிருந்து விடுவிக்க விரும்புவோர் அக்கடனைக் கொடுத்துத் தீர்ப்பதே நேரிய வழியாகும்.

பங்கீட்டுக் கணக்கு

பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று. இல்லையெனில் நான்கில் ஒன்று. மனைவியர் ஒருவருக்கு மேற்பட்டோராயின் அப்பங்கையே சமமாகப் பிரித்துக்கொள்வர். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

ஒருவர் மனைவி, தாய், இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். உடைமையின் மதிப்பு ரூ. 15,00,000. ஜனாஸாச் செலவு ரூ. 25,000. வெளிக்கடன் ரூ. 1,75,000. மஹர் பாக்கி ரூ. 1,00,000. வஸிய்யத் இல்லை. கடனும் செலவும் போக எஞ்சுவது ரூ. 12,00,000. இதில் மனைவிக்கு எட்டில் ஒன்று, ரூ. 1,50,000. தாய்க்கு ஆறில் ஒன்று, ரூ. 2,00,000. மீதி ரூ. 8,50,000 மக்களுக்கு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என ஐந்து கூறாக்கினால் மகன்களுக்குத் தலா ரூ. 3,40,000, மகளுக்கு ரூ. 1,70,000. மனைவி பெறுவது மஹரும் பங்குமாக ரூ. 2,50,000.

மஹரை மறந்துவிட்டுப் பங்கிட்டால் எஞ்சும் ரூ. 13,00,000இல் மனைவிக்குக் கிடைப்பது ரூ. 1,62,500 மட்டுமே. ஒரு சொல்லை மறந்ததால் அவர் இழப்பது ரூ. 87,500.

எட்டில் ஒன்று சிறிய பங்கன்றோ எனச் சிலர் வினவுவர். மனைவியின் பாதுகாப்பு அப்பங்கோடு முடிந்துவிடுவதில்லை. மஹர் அவருடையது; தாய்வீட்டு வாரிசுரிமை அவருடையது; அவர் சேர்த்த பொருள் அவருடையது; தாயைப் பேணும் கடமையோ மக்களுடையது. இவற்றையெல்லாம் தடுத்து வைத்துக்கொண்டு எட்டில் ஒன்றையும் மறுத்துவிட்டு, சட்டத்தின்மீது குறைகாணுதல் நேர்மையன்று. கைம்பெண் மறுமணம் செய்தாலும் இப்பங்கு பறிபோகாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வாரிசுரிமையில் ஊர் வழக்கத்தை விலக்கி மார்க்கச் சட்டத்தை நிலைநாட்டியது. அப்போது விளைநிலம் மட்டும் விலக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டின் திருத்தத்தால் அவ்விலக்கு நீங்கியது. ஆதலால் வீட்டில் மட்டுமே பெண்ணுக்குப் பங்கு, வயலில் இல்லை என உரைப்போரின் கூற்றுக்குத் தமிழ்நாட்டில் சட்டத்தின் துணையும் இல்லை, மார்க்கத்தின் துணையும் இல்லை.

மனைவி முந்தினால்

மனைவி மறைந்தால் கணவருக்கு, பிள்ளைகள் இருப்பின் நான்கில் ஒன்று; இல்லையெனில் பாதி. மனைவியின் நகையைக் கணவர் தம்முடையதெனக் கருதிப் பெட்டியில் பூட்டிவைப்பது பரவலாகக் காணப்படும் தவறாகும். ஒரு பெண் கணவர், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். பெற்றோர் முன்னரே காலமாயினர். நகை 24 பவுன் எனக் கொள்வோம். கணவருக்கு 6 பவுன், மகனுக்கு 12, மகளுக்கு 6. அம்மா நகை மகளுக்கே என்பது அன்பான வழக்கமாயினும் வாரிசுகள் அனைவரும் மனமொப்பினால்தான் செல்லும். கணவர் கொடுக்காமல் வைத்திருந்த மஹரும் மனைவியின் உடைமையில் சேர்க்க வேண்டிய தொகையே. அவர் இறந்தமையால் அக்கடன் தீர்ந்துவிடுவதில்லை. அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டியதாகிறது.

ஏடுகளும் அலுவலகங்களும்

மார்க்கச் சட்டம் பங்கைச் சொல்லும். அப்பங்கைக் கையில் சேர்ப்பிக்க அலுவலக ஏடுகள் வேண்டும். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறார். கருவுற்றிருப்பின் மகப்பேறு வரை இருக்கிறார். அலுவலகக் கெடு நாட்கள் பலவும் இக்காலத்திற்குள்ளேயே வருகின்றன. ஆதலால் சகோதரரோ மகனோ அவருக்காக அலைய நேர்கிறது. அலைபவர் எந்த ஏட்டைக் கொண்டுவந்தாலும் அதனைப் படித்துக் காட்டி விளக்கிய பின்னரே கையொப்பம் பெறுதல் கடமையாகும். தவிர்க்க இயலாத தேவைக்குப் பகலில் வெளியே சென்று வர மார்க்க அறிஞர் இடமளித்துள்ளமையையும் நாம் மறத்தல் கூடாது.

முதல் ஏடு, இறப்புச் சான்றிதழ். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். தாமதமானால் கட்டணமும் அனுமதியும் தேவைப்படும். ஓராண்டு கடந்தால் உரிய நடுவரின் ஆணை வேண்டும். பெயரின் எழுத்து, தந்தை பெயர் ஆகியன ஆதாருக்கும் பத்திரங்களுக்கும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஒரே பெயரை முகமது, முஹம்மது, மொகமது என மூன்று ஏடுகளில் மூவிதமாக எழுதிவைத்து அலைவோர் பலர். சான்றிதழின் படிகள் பல பெற்றுக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். இதனை வட்டாட்சியர் வழங்குகிறார். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிருவாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவர். இச்சான்று வாரிசுகள் இன்னார் எனக் காட்டுமேயன்றி எவருக்கு எவ்வளவு பங்கு எனத் தீர்மானிக்காது. மணமாகிச் சென்ற மகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிப்பது அறமுமன்று, சட்டமுமன்று.

மூன்றாவது, நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழ். பெயர் ஒத்திருப்பினும் இது வேறு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் வழங்குவது. இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வைப்புத் தொகை, பங்குப் பத்திரம் ஆகியவற்றைப் பெறுவதற்கே இது பயன்படும்; வீடு, நிலம் ஆகியவற்றிற்கு இது பொருந்தாது. நியமனம் இல்லாத பெருந்தொகைகளுக்கும் வாரிசுகளிடையே பூசலுள்ள தொகைகளுக்கும் வங்கிகள் இதனைக் கேட்கும்.

நான்காவது, பட்டா. இது வருவாய்த்துறை ஆவணம். பட்டாவில் பெயர் ஏறியதால் மட்டும் ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். மூத்த மகன் பெயருக்கு மட்டும் பட்டா மாற்றப்பட்டிருப்பினும் தாயின் எட்டில் ஒன்று அந்நிலத்தில் அப்படியே இருக்கிறது. வாரிசுகள் அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா பெறுவதே பிற்காலப் பூசலைத் தவிர்க்கும்.

இறந்தவரின் வங்கி அட்டையைப் பயன்படுத்திப் பணம் எடுப்பது நல்லெண்ணத்தோடு செய்தாலும் முறையன்று. வங்கிக்குத் தெரிவித்து, கணக்குக் காட்டிப் பெறுவதே பிற வாரிசுகளின் ஐயத்தினின்று காக்கும்.

நியமனதாரர் உரிமையாளரா?

நியமனதாரர் என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை. பணத்திற்கு உரியவர் வாரிசுகளே. 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் ஆயுள் காப்பீட்டைப் பற்றியும், 2010இல் வங்கி வைப்பைப் பற்றியும், 2023இல் நிறுவனப் பங்குகளைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் இக்கருத்தையே கூறியது. நியமனதாரர் பெறும் தொகை அவர் கையில் உள்ள அமானிதம். வாரிசுகளுக்கு அதனைப் பங்கிட்டுக் கொடுத்தல் வேண்டும்.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டின் திருத்தம் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. பெற்றோர், கணவர் அல்லது மனைவி, மக்கள் ஆகியோர் நியமிக்கப்பட்டிருப்பின் அவர்கள் அத்தொகையின் பயனுக்கு உரியவர் எனச் சட்டம் கூறுகிறது. வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்கலாம். மணமாகாத காலத்தில் தாயையோ சகோதரரையோ நியமித்தவர் மணமான பின்னும் அதனை மாற்றாமல் விட்டுவிடுவதால் மனைவி அலைய நேரிடுகிறது.

குடும்ப ஓய்வூதியம் இவற்றினின்றும் வேறானது. அது இறந்தவரின் உடைமையில் சேர்வதில்லை என 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விதிப்படி துணைவருக்கு வரும் அத்தொகையில் பிறர் பங்கு கேட்க இயலாது.

சிறார் சொத்து

கணவரை இழந்த இளந்தாய், மக்களின் கல்விச் செலவுக்காக வீட்டையோ நிலத்தையோ விற்க முற்படுகிறார். தம் பங்கோடு மக்களின் பங்கையும் சேர்த்துத் தாமே கையொப்பமிட்டு விற்கிறார். மக்கள் வளர்ந்த பின் அவ்விற்பனை செல்லாது எனும் வழக்கு எழுகிறது. இந்தியாவில் நடைமுறையிலுள்ள முஸ்லிம் சட்டப்படி தாய் சிறாரை வளர்க்கும் உரிமையுடையவரேயன்றி, அவர்தம் சொத்துக்குத் தாமாகவே காப்பாளர் ஆவதில்லை. 1918ஆம் ஆண்டு இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் கூறிய இக்கருத்தையே பின்வந்த நீதிமன்றங்களும் பின்பற்றின. தந்தை, தந்தை நியமித்த வஸீ, தந்தைவழிப் பாட்டனார், அவர் நியமித்த வஸீ ஆகியோரே சட்டப்படியான சொத்துக் காப்பாளர்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தை அணுகித் தாயே காப்பாளராக நியமனம் பெறுதலும், நீதிமன்ற அனுமதியோடு விற்றலும். மற்றொன்று இதனினும் எளிது. தந்தை உயிரோடிருக்கும்போதே தம் மனைவியை வஸீயாக நியமித்து எழுதிவைத்தல். ஒரு தாளில் எழுதும் அவ்வரி ஓர் இளந்தாயைப் பல ஆண்டு வழக்கினின்று காக்கும்.

பாட்டனார் உயிரோடிருக்க மகன் முந்தி இறந்துவிட்டால், பாட்டனாருக்கு வேறு மகன் இருக்கும் நிலையில் பேரக்குழந்தைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. இங்குதான் வஸிய்யத்தின் அருமை விளங்குகிறது. வாரிசல்லாத அப்பேரர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் செய்யவோ, வாழும்போதே ஹிபாவாகக் கொடுக்கவோ பாட்டனாருக்கு முழு உரிமை உண்டு. எகிப்து 1946ஆம் ஆண்டிலேயே இத்தகைய வஸிய்யத்தைச் சட்டக் கடமையாக்கியது. நம் நாட்டில் இது பாட்டனாரின் மனச்சான்றுக்கே விடப்பட்டுள்ளது.

விடுதலைப் பத்திரம்

ஒரு வாரிசு தம் பங்கைப் பிற வாரிசுகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்திற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். விடுதலை என்பது இனிய சொல். ஆயின் இப்பத்திரத்தில் விடுதலை பெறுவது சொத்து. பெண்ணின் கையினின்று அது விடுதலை பெறுகிறது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நாற்பதாம் நாள் விருந்து முடிந்ததும் இத்தகைய பத்திரம் கைம்பெண்ணின் முன் வைக்கப்பட்டது. வங்கிக்குரிய ஏடு என அவரிடம் கூறப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற மகள் தாயின் தோளருகே நின்று அதனை வாய்விட்டுப் படித்தாள். 'எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை' என்னும் தொடர் வந்ததும் பாத்தியம் என்றால் என்ன என வினவினாள். கூடியிருந்தோர் எவரும் உடனே விடை கூறவில்லை. பத்திரம் அன்று கையொப்பமாகவில்லை. பின்னர் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் கணக்கிட்டு, தாய்க்குரிய பங்கு வீட்டின் ஒரு பகுதியாகவே ஒதுக்கப்பட்டது.

தமிழ் படிப்பதால் யாது பயன் என வினவும் மாணவர்களுக்கு இந்நிகழ்ச்சியையே விடையாகக் கூற விரும்புகிறோம். பாத்தியம், சர்வ சுதந்திரம், ஆண்டனுபவித்தல், வில்லங்கம், பராதீனம் ஆகியனவும் தமிழரின் வாழ்வில் புழங்கும் சொற்களே. பத்திரத் தமிழைப் படித்துப் பொருள் கூறத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரும் பாதுகாப்பாகும். பத்திரத்தில் ஒப்பமிடுமுன் முழுவதும் படிக்கக் கேட்டல், ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல், அவகாசம் கேட்டல் ஆகியவற்றுக்கு எவரும் நாணுதல் வேண்டா. விட்டுக்கொடுப்பவர் தம் பங்கு இவ்வளவு என அறிந்து விட்டுக்கொடுப்பதே கொடை. அறியாமல் இடும் கையொப்பம் கொடையாகாது.

இருக்கும்போதே செய்ய வேண்டுவன

கணவனும் மனைவியும் நலமாக இருக்கும்போதே சிலவற்றைச் செய்துவைத்தல் வேண்டும். மஹர் பாக்கியிருப்பின் கொடுத்துவிடுதல். கடன், கொடுக்கல் வாங்கல், வங்கிக் கணக்கு, காப்பீடு, பத்திரங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி இருவரும் அறிய வைத்தல். நியமனங்களைச் சரிபார்த்தல். சிறு மக்கள் இருப்பின் மனைவியை வஸீயாக எழுதிவைத்தல். முஸ்லிம் சட்டத்தில் வாய்மொழி வஸிய்யத்தும் செல்லுமாயினும், எழுதிச் சாட்சிகளின் ஒப்பம் பெறுவதே பிணக்கைத் தவிர்க்கும். மனைவிக்கு வீடு தர விரும்புவோர் வாழும்போதே ஹிபாவாகக் கொடுத்துக் கைவசம் ஒப்படைத்தல் வேண்டும். எனக்குப் பின் உனக்கு என வாயால் சொல்லிவைப்பது, வாரிசான அவருக்குச் செய்யும் வஸிய்யத்தாகவே கொள்ளப்படும். பிற வாரிசுகளின் ஒப்புதலின்றி அது செல்லாது.

ஜமாஅத்துகள் ஒரு பணியைச் செய்யலாம். ஒரு வீட்டில் இறப்பு நிகழ்ந்த ஒரு மாதத்திற்குள் மார்க்க அறிஞர் ஒருவரும் சட்டம் அறிந்தவர் ஒருவரும் அவ்வீட்டிற்குச் சென்று, நான்கு படிகளையும் கணக்கிட்டு எழுதிக் கொடுக்கலாம். நிக்காஹ் பதிவேட்டிலுள்ள மஹர் வரியின் படியையும் உடன் கொடுக்கலாம். நம் கல்லூரி மாணவர்கள் விண்ணப்பங்கள் நிரப்புதல், பத்திரம் படித்துக் காட்டுதல் ஆகிய தொண்டுகளில் துணைநிற்கலாம்.

முடிவுரை

பாகப்பிரிவினை வசனங்களை அடுத்து வருபவை, அவற்றை இறைவன் விதித்த வரம்புகள் என எடுத்துரைத்து மீறுவோரை எச்சரிக்கும் வசனங்களாகும் (4:13, 14). பங்கீடு குடும்பத்தார் தம் விருப்பம்போல் தீர்த்துக்கொள்ளும் செய்தியன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பங்கிடுமுன் கடனைத் தீர்த்தல், மஹரைக் கடனெனக் கொள்ளல், சிறார் பங்கைத் தொடாதிருத்தல், படிக்காமல் ஒப்பம் பெறாதிருத்தல் ஆகிய நான்கையும் கைக்கொண்டால் இறப்பு நேர்ந்த வீட்டில் இரண்டாவது இழப்பு நேராது.

ஸஅத் (ரலி) அவர்களின் மனைவி முறையிட்ட நாளிலிருந்து பதினான்கு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் நம் ஊர்களில் அவரைப்போல் வாயில் வந்து நிற்கும் கைம்பெண்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டத்தைப் படித்துச் சொல்லவும், கணக்கிட்டுக் கொடுக்கவும், உடன் நின்று பெற்றுத் தரவும் ஆட்களே தேவை. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவரும் ஆசிரியரும் பெரியோரும் அப்பணியில் முன்நிற்பார்களாக.